தூள் பழக்கத்துக்கு மருந்து தரும் வைத்தியரைத் திருகோணமலையிலிருந்து தேடுவது எப்படி

தூள், அதாவது ஹெரோயின், பழகிவிட்ட என் தம்பிக்காக இந்த வழியில் அலைந்தவள் நான். அலையும்போது ஆளாளுக்கு ஒரு திசை காட்டினார்கள். கந்தக்காடு புனர்வாழ்வு நிலையத்துக்கு அனுப்பு என்றார் ஒருவர். கல்யாணம் கட்டி வை, திருந்திவிடுவான் என்றார் இன்னொருவர். வெளிநாட்டுக்கு ஏற்றிவிடச் சொன்ன சித்தப்பாவும் உண்டு. வைத்தியரிடம் கூட்டிப்போ என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. ஆளை அடைத்து வைக்க ஓர் இடம் தேடுவதை விட்டுவிட்டுத் தொடர்ந்து பார்க்க ஒரு வைத்தியரைத் தேடத் தொடங்கிய பிறகுதான் எங்களுக்கு வழி தெரிந்தது. அந்த வழியை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

1. என்ன பாவிக்கிறார் என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள்

எல்லாப் போதைக்கும் ஒரே மருந்து கிடையாது. நான் இங்கே சொல்லும் மருந்துகள் அபின் வகைக்கு மட்டுமே உரியவை. ஹெரோயின், அதாவது நம் ஊரில் தூள், குடு என்று சொல்வது, அந்த வகை. ட்ரமடோல், கோடீன், மோர்பின் போன்ற வலி மருந்துகளும் அதே வகைதான். ஐஸ் எனப்படும் மெத்தம்பெட்டமைன் அந்த வகை அல்ல, அதற்கு இந்த மருந்துகள் வேலை செய்யாது. பிரிகாபலின் குளிசையும் அபின் வகையில் சேராது. கஞ்சாவும் அப்படித்தான். இவற்றுக்கும் சிகிச்சை உண்டு, ஆனால் அது வேறு விதமாகப் போகும்.

ஆகவே ஒரு தாளில் இவற்றை எழுதி வையுங்கள்: என்ன பொருள், புகைக்கிறாரா ஊசியா, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எத்தனை வருடமாக, கடைசியாக எப்போது. வீட்டில் வெற்று மாத்திரை அட்டை கிடந்தால் எறியாமல் எடுத்து வையுங்கள். வைத்தியருக்கு அது நம் விளக்கத்தைவிட நல்ல சாட்சி.

அதே தாளில் மறக்காமல் எழுத வேண்டியவை இன்னும் சில. சாராயம் குடிக்கிறாரா? தூக்க மாத்திரை எடுக்கிறாரா? முன்பு எப்போதாவது வலிப்பு வந்ததா? தூளை நிறுத்தினால் வரும் உபாதை கொடியது, ஆனால் பொதுவாக அதுவே உயிரை எடுப்பதில்லை. நாள்தோறும் குடிப்பவர் குடியையோ, நீண்டகாலம் தூக்க மாத்திரை எடுத்தவர் அதையோ திடீரென நிறுத்தினால் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். தூளோடு இவற்றையும் கலந்து பாவிப்பவரை வீட்டு அறையில் பூட்டிப்போட்டு நிறுத்தப் பார்க்காதீர்கள்.

பாவிப்பவர் கர்ப்பிணி என்றால் நிறுத்தச் சொல்லி வற்புறுத்தவே வேண்டாம். திடீர் நிறுத்தம் குழந்தைக்கு ஆபத்து. உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

2. மருந்துகளின் பெயர்களைத் தெரிந்து வைத்திருங்கள்

பெயர் தெரியாமல் போனால் கேட்கவும் தெரியாது. முக்கியமானவை மூன்று.

மெதடோன்: அபின் வகையையே சேர்ந்தது, மெதுவாக நீண்ட நேரம் வேலை செய்யும். சரியான அளவில் தினமும் எடுத்தால் உபாதை வராது, தூளுக்கான வெறி அடங்கும், ஆள் வேலைக்குப் போகலாம். பெரும்பாலும் தாதியின் கண் முன்னாலேயே குடிக்கச் சொல்வார்கள்.

பியூப்ரினோர்பின்: நாக்கின் கீழ் வைத்துக் கரைக்கும் மாத்திரை. விழுங்கினால் பயன் மிகக் குறைவு. உடம்பில் தூள் இருக்கும்போதே எடுத்தால் உபாதையை அதுவே கிளப்பிவிடும். அதனால் உபாதை தொடங்கிய பிறகுதான், தூள் என்றால் பொதுவாகக் கடைசியாகப் பாவித்து 12 மணித்தியாலமாவது கழிந்த பிறகு, முதல் மாத்திரையைத் தருவார்கள். அந்த நாளில் 'பாவிக்காமல் வாங்க' என்று வைத்தியர் சொல்வதற்குக் காரணம் இது. தண்டனை என்று நினைத்துப் பாதி வழியில் திரும்பிவிடாதீர்கள்.

நல்ட்ரெக்சோன்: இது போதையைத் தடுத்து நிறுத்துவது. 7 முதல் 10 நாளாவது தூள் இல்லாமல் இருந்த பிறகே தொடங்க முடியும். இதில் ஒரு பொறி இருக்கிறது. மகனுக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுத்துவிடலாம் என்று சில தாய்மார் நினைக்கிறார்கள். தூள் உடம்பில் இருக்கும்போது இது உள்ளே போனால் கடும் உபாதை ஒரேயடியாக வந்து விழும், ஆள் வைத்தியசாலையில்தான் கிடப்பார். செய்யவே வேண்டாம்.

மெதடோனும் பியூப்ரினோர்பினும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2005 இலிருந்து இருப்பவை. 'ஒரு போதைக்கு இன்னொரு போதையா?' என்று கேட்கும் உறவினருக்கு இதைச் சொல்லலாம். நீரிழிவுக்காரர் இன்சுலின் போடுவதை யாரும் பழக்கம் என்பதில்லையே.

இவை தவிர உபாதையின் துண்டு துண்டான தொல்லைகளுக்கு, அதாவது வயிற்றோட்டம், வாந்தி, உடம்பு உளைவு, வியர்வைக்கு, தனித்தனி மருந்து தருவதும் உண்டு. அது அந்தக் கிழமையைக் கடக்க உதவும். ஆனால் அந்தக் கிழமை முடிந்தால் சிகிச்சை முடிந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

3. எங்கே தொடங்குவது

இரண்டு தொலைபேசி எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். 1927 என்பது தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் உதவி எண். 1926 என்பது தேசிய மனநல நிறுவகத்தின் எண். கூப்பிட்டவுடன் தமிழில் பேசுபவரைக் கேளுங்கள். 'போதைக்கு என்ன செய்யலாம்' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். இப்படிக் கேளுங்கள்: 'ஹெரோயின் பழக்கத்துக்கு மெதடோன், பியூப்ரினோர்பின், நல்ட்ரெக்சோன் இவற்றில் எதை இப்போது எந்த வைத்தியசாலையில் தருகிறார்கள்? திருகோணமலைக்காரருக்குக் கிட்டிய இடம் எது?' பதிலைத் திகதியோடு எழுதி வையுங்கள். மருந்து இருக்கும் இடமும் இருப்பும் மாறக்கூடியவை. போன வருடம் யாரோ சொன்னதை நம்பி பஸ் ஏறக்கூடாது.

தொலைபேசியோடு நிற்காமல் நேரிலும் போங்கள். இந்த மருந்துகளைப் பற்றி முடிவெடுப்பவர் உளநல வைத்திய நிபுணர். அவரை அரச வைத்தியசாலையின் உளநலக் கிளினிக்கில் பார்க்கலாம். நகரத்தில் இருப்பவர்களுக்கு மாவட்டப் பொது வைத்தியசாலை. கிண்ணியா, மூதூர், கந்தளாய், புல்மோட்டைப் பக்கத்தவர்கள் முதலில் தங்கள் ஆதார வைத்தியசாலையில் 'உளநலக் கிளினிக் எந்தக் கிழமை நடக்கிறது, உளநல வைத்திய அதிகாரி எப்போது இருப்பார்' என்று விசாரியுங்கள். புல்மோட்டையிலிருந்து நகரத்துக்கு வந்து, இன்று கிளினிக் இல்லை என்று கேட்டுத் திரும்புவது ஒரு நாள் கூலியைக் கடலில் போடுவது. போயா நாளையும் அரச விடுமுறையையும் கலண்டரில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இணையத்தில் தேடுபவர்களுக்கு ஒரு சொல். வரும் பட்டியல்களில் பெரும்பாலானவை அமெரிக்காவுடையவை. பியூப்ரினோர்பின் எழுத அங்கே வைத்தியருக்குத் தனி அனுமதி வேண்டியிருந்தது, 2022 டிசம்பரில் அதை நீக்கினார்கள். அதனால் 'அனுமதி பெற்ற வைத்தியர் பட்டியல்' என்று பழைய பக்கங்கள் இன்னும் கிடக்கின்றன. நமக்கு ஒன்றுக்கும் உதவாது. சென்னையில் ஒரு வைத்தியரிடம் எழுதி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வரலாம் என்ற யோசனையும் வேண்டாம். இவை கட்டுப்பாட்டில் உள்ள மருந்துகள், விமான நிலையத்தில் சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும்.

4. கையில் எடுத்துப் போக வேண்டியவை

தேசிய அடையாள அட்டை. அது தொலைந்திருந்தாலும் போகாமல் இருக்காதீர்கள். கடவுச்சீட்டோ சாரதி அனுமதிப்பத்திரமோ இருப்பதை எடுத்துப் போங்கள், தொலைந்த அட்டைக்குப் பொலிஸ் முறைப்பாடு போட்டிருந்தால் அதன் பிரதியும்.

பழைய கிளினிக் கொப்பி, முன்பு வாட்டில் இருந்திருந்தால் வீட்டுக்கு விடும்போது தந்த நோய் நிர்ணய அட்டை, இரத்தப் பரிசோதனை முடிவுகள், நான் சொன்ன அந்தத் தாள், வெற்று மாத்திரை அட்டைகள். எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கோப்பில் போட்டு, கைத்தொலைபேசியிலும் படம் எடுத்து வையுங்கள். கூட வரும் ஒருவரின் தொலைபேசி எண்ணும் தேவைப்படும். அந்த ஒருவர் நிதானமானவராக இருக்கட்டும். வைத்தியருக்கு முன்னால் 'இவன் குடும்ப மானத்தை வாங்கிவிட்டான்' என்று ஒப்பாரி வைக்கும் மாமியை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.

பாவிப்பவரின் சட்டைப் பையை அவரையே ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். சிகிச்சைக்குப் போகும் வழியில் பையில் ஒரு பொட்டலம் அகப்பட்டால் கதை வேறாகிவிடும்.

5. முதல் நாள்

நேரே உளநலக் கிளினிக்கில் பார்ப்பார்களா, ஓ.பி.டி. எனும் வெளிநோயாளர் பிரிவு வழியாகத் துண்டு வாங்கி வரவேண்டுமா என்பதை வாசலிலேயே கேளுங்கள். ஓ.பி.டி. என்றால் விடியவே போய் நம்பர் எடுப்பது நல்லது.

இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். ஓ.பி.டி.யில் அறிமுகமானவர் யாராவது நிற்பார். வெட்கத்தில் 'நித்திரை வருதில்லை டொக்டர்' என்று மட்டும் சொல்லிவிட்டு, தூக்க மாத்திரையோடு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். தூளும் தூக்க மாத்திரையும் சேர்ந்தால் மூச்சு அடங்கிப்போகும். ஆகவே வாய் திறந்து சொல்லக் கூச்சமாக இருந்தால் அந்தத் தாளை நீட்டுங்கள். 'ஹெரோயின் பழக்கம், சிகிச்சை வேண்டும், உளநலக் கிளினிக்குக்குத் துண்டு தாருங்கள்' என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தால் போதும்.

பொலிஸுக்குச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் எல்லாருக்கும் இருக்கிறது. நோயாளி சொல்வதை இரகசியமாக வைப்பது வைத்தியரின் தொழில் ஒழுக்கம். அந்தப் பயம் விடவில்லை என்றால் அதையே முதல் கேள்வியாகக் கேளுங்கள்: 'நான் சொல்வது யாருக்கெல்லாம் போகும்?' கேட்டால் கோபிக்க மாட்டார்கள்.

சிறுநீர், ஈரல், எச்.ஐ.வி., ஹெப்படைட்டிஸ் பரிசோதனைகள் எழுதலாம். ஊசி பாவித்தவர் இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. மெதடோன் என்றால் இதயத்துக்கு ஈ.சி.ஜி. எடுப்பதும் வழக்கம்.

6. வைத்தியரிடம் கேட்க வேண்டியவை

என் அனுபவத்தில் வைத்தியர் விளக்கத் தயார், ஆனால் வெளியே வரிசை நிற்கிறது. ஆகவே கேள்விகளை எழுதிப் போங்கள். எந்த மருந்து, ஏன் அது? எத்தனை காலம்? தினமும் வரவேண்டுமா, வீட்டுக்குத் தருவீர்களா? மருந்து இருப்பு முடிந்தால் என்ன செய்வது? அது நடுவில் நின்றால் எங்கே போவது? இரவில் பிரச்சினை வந்தால் எந்த வாட்டு?

'தினமும்' என்ற கேள்வி நம் பக்கத்தில் முக்கியமானது. பலநாள் மீன்பிடிக் கலத்தில் தொழிலுக்குப் போகிறவர் தினமும் காலையில் வந்து மருந்து குடிக்க முடியாது. அதை மறைத்துவிட்டு, சரி சரி என்று தலையாட்டி வந்தால் முதல் கடல் பயணத்திலேயே எல்லாம் குழம்பிவிடும். தொழில் இன்னது, இத்தனை நாள் கடலில் நிற்பேன் என்று சொல்லுங்கள். அதற்கேற்ற மருந்தை யோசிப்பார்கள், இல்லையேல் சில மாதம் கரையில் வேலை பார்க்கச் சொல்வார்கள். வீட்டார் அந்த மாதங்களுக்கான வருமானத்தை முன்பே யோசித்து வைப்பது நல்லது.

எத்தனை காலம் என்ற கேள்விக்குப் பல குடும்பங்கள் 'ஒரு மாதம்' என்ற பதிலை எதிர்பார்க்கின்றன. இது மாதக்கணக்கு, பலருக்கு வருடக்கணக்கு. ஆள் நன்றாக இருக்கிறாரே என்று வீட்டார் மருந்தை நிறுத்துவதுதான் நான் கண்டவற்றில் மிக மோசமான பொறி. நன்றாக இருப்பதே அந்த மருந்தால்தான். குறைப்பதும் நிறுத்துவதும் வைத்தியரின் கையில் இருக்கட்டும்.

7. வெளியூர் போக வேண்டி வந்தால்

கட்டுப்பாட்டுச் சபை நடத்தும் தங்கிச் சிகிச்சை பெறும் நிலையங்கள் தலங்கம, கண்டி, காலி, நிட்டம்புவ ஆகிய இடங்களில் இருக்கின்றன. இவற்றில் நமக்குக் கிட்டியது கண்டி. போவதற்கு முன் 1927 இல் கேளுங்கள்: இடம் இருக்கிறதா, எத்தனை நாள் தங்க வேண்டும், வைத்தியர் பார்ப்பாரா, மருந்து உண்டா, தமிழில் பேசும் ஆலோசகர் இருக்கிறாரா. கடைசிக் கேள்வியை லேசாக எடுக்காதீர்கள். மொழி புரியாத ஆலோசனையில் ஒரு மாதம் உட்கார்ந்திருப்பதில் என்ன பயன்? அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவகத்துக்கு அனுப்பினால் உங்கள் வைத்தியரிடம் கடிதம் வாங்காமல் கிளம்பாதீர்கள். கிழக்கிலேயே இன்னொரு கருத்து வேண்டும் என்றால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது.

கந்தக்காடு வேறு கதை. அது புனர்வாழ்வு நிலையம், வைத்தியசாலை அல்ல. பெரும்பாலானவர்கள் அங்கே நீதிமன்ற உத்தரவில்தான் போகிறார்கள்.

8. தனியார் இடங்களில் கவனம்

சனல் பண்ணி, அதாவது காசு கட்டித் தனியாக நேரம் எடுத்து, வைத்தியரைப் பார்ப்பதில் தவறில்லை. அரச வைத்தியசாலையில் இருக்கும் நிபுணர்களே மாலையில் தனியாகவும் பார்ப்பதுண்டு. வரிசையும் குறைவு, தெரிந்த முகங்களும் குறைவு. ஆனால் 'தொடர்ந்து அரச கிளினிக்கில் பார்க்கலாமா' என்று முதல் நாளே கேளுங்கள். மாதாமாதம் சனல் காசு கட்ட முடியாமல் நடுவில் நிறுத்துவதைவிட அது மேல். வைத்தியரின் பெயர் இலங்கை மருத்துவ சபையின் பதிவில் இருக்கிறதா என்று சபையின் இணையத்தளத்தில் பார்க்கலாம்.

தங்க வைக்கும் தனியார் நிலையம் என்றால் 2 மடங்கு கவனம். நாங்கள் போன ஓரிடத்தில் 3 மாதப் பணத்தை முற்பணமாகக் கேட்டார்கள். வைத்தியர் எப்போது வருவார் என்று கேட்டதற்கு 'தேவைப்பட்டால் கூப்பிடுவோம்' என்றார்கள். மருந்து? 'மனவலிமைதான் மருந்து.' கட்டிய காசில் பாதி திரும்பி வரவில்லை. போதைக்கு அடிமையானவர்களுக்குச் சிகிச்சை தரும் இடங்களை ஒழுங்குபடுத்த 2007 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அனுமதிப்பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் வாசலோடு திரும்புங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

ஒரே ஊசியில் போதை தீரும் என்பவர்களிடமும் இதே எச்சரிக்கை. நூல் கட்டுவது, ஓதிப் பார்ப்பது, நேர்த்தி வைப்பது உங்கள் மனதுக்கு ஆறுதல் தந்தால் செய்யுங்கள். ஆனால் கிளினிக் திகதியை அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

9. செலவு

அரச வைத்தியசாலையில் வைத்தியரைப் பார்க்கவும் மருந்துக்கும் கட்டணம் இல்லை. உண்மையான செலவு வேறு பக்கத்திலிருந்து வரும்: பஸ் காசு, கூடப் போகிறவரின் ஒரு நாள் கூலி, சாப்பாடு, வைத்தியசாலையில் இல்லாத மருந்தை வெளியே வாங்க எழுதித் தந்தால் அதன் விலை. வெளியே எழுதினால் இதற்குப் பதில் இருக்கும் மருந்தைத் தரலாமா என்று ஒரு தடவை கேளுங்கள். காசைப் பாவிப்பவர் கையில் கொடுத்து மருந்து வாங்க அனுப்பாதீர்கள், அது அவருக்கே சோதனை.

10. ஆபத்தான நாட்கள்

தூள் நின்று 8 முதல் 24 மணித்தியாலத்துக்குள் உபாதை தொடங்கும். முதல் 3 நாள் உச்சம். 4 முதல் 10 நாளில் உடம்பு தெளியும். இந்த நாட்களில் தண்ணீர், இளநீர், கஞ்சி என்று ஏதாவது உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

ஆனால் உயிர் போகும் ஆபத்து இதற்குப் பிறகுதான் கூடுதல். சில கிழமை விட்டிருந்தவரின் உடம்பு பழைய அளவைத் தாங்காது. நிலையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வெளியே வந்தவர் பழைய அளவையே ஒரு தடவை எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். எழுப்பினால் எழும்பவில்லை, கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கியிருக்கிறது, மூச்சு மிக மெதுவாக இருக்கிறது, உதடு நீலம் பூத்திருக்கிறது என்றால் 1990 ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். தேசிக்காய்த் தண்ணியோ உப்புத் தண்ணியோ வாயில் ஊற்றாதீர்கள். வருகிறவர்களிடம் தூள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மூச்சைத் திருப்பிக் கொண்டுவரும் நலோக்சோன் என்ற மருந்து இருக்கிறது, விஷயம் தெரிந்தால்தான் அதைக் கொடுப்பார்கள்.

11. வழக்கு இருந்தால்

நீதிமன்றத் திகதியும் கிளினிக் திகதியும் மோதாமல் பாருங்கள். கிளினிக் கொப்பியின் பிரதியைச் சட்டத்தரணியிடம் கொடுங்கள். விருப்பத்தோடு சிகிச்சைக்குப் போவதற்கும் நீதிமன்றம் அனுப்புவதற்கும் அந்த 2007 சட்டத்தில் தனித்தனி வழி இருக்கிறது, தானாகவே போய்க்கொண்டிருக்கிறார் என்பதைக் காட்ட அந்தப் பிரதி உதவும். வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் கேட்கலாம்.

12. திகதி தவறினால்

தவறும். மழை, செத்த வீடு, பஸ் இல்லை, மனமில்லை, ஏதோ ஒன்று வரும். அடுத்த மாதம் பார்ப்போம் என்று விடாமல் அடுத்த கிளினிக் நாளிலேயே கொப்பியோடு போய் நில்லுங்கள். ஏசினால் வாங்கிக்கொள்ளுங்கள். இடையில் பாவித்திருந்தால் அதையும் சொல்லுங்கள், மருந்தின் அளவை அதை வைத்துத்தான் தீர்மானிப்பார்கள். சில நாள் மருந்து விடுபட்டிருந்தால் மிச்சம் இருக்கும் மாத்திரையை வீட்டில் நீங்களாகவே பழைய அளவில் தொடங்கிக் கொடுக்காதீர்கள், முதலில் கிளினிக்கில் காட்டுங்கள். பல்லுப் பிடுங்கப் போனாலும் சத்திரசிகிச்சைக்குப் போனாலும் அங்கேயும் இந்தக் கொப்பியைக் காட்ட வேண்டும். நல்ட்ரெக்சோன் எடுப்பவருக்கு ட்ரமடோல், கோடீன் போன்ற வலி மருந்துகள் வேலை செய்யாது, முன்கூட்டியே தெரிந்தால் வேறு மருந்து பார்ப்பார்கள்.